ஆறாவது டப்பா

விசாரணைக்கு வந்திருந்தவர்கள் விவரம்: மேசைக்குப் பின்னால் நிர்வாகியம்மா; அவருக்கு வலப்பக்கம், குறிப்பெடுக்க எழுத்தர்; எதிரே பெற்றோரில் இருவர், ஒரு வக்கீலும் ஒரு பல் டாக்டரம்மாவும். நாற்காலிகள் தீர்ந்துபோனதால் ஆயாவுக்குக் குழந்தைகள் உட்காரும் குட்டி முக்காலிதான் கிடைத்தது. முழங்கால் மோவாயை இடித்தது.

குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரும் சுவரோர மெத்தையில் மல்லாந்து கிடந்தார்கள். ஒருவன் கன்னத்தில் காலையில் தின்ற வாழைப்பழம் காய்ந்திருந்தது. இன்னொருவன் வாயைத் திறந்தான். வாக்குமூலம் கொடுக்க அல்ல, கால் கட்டைவிரலை உள்ளே போட்டுக்கொள்ள.

ஆறாவது குழந்தையான பட்டு மட்டும் நிர்வாகியம்மாவின் மடியில் இருந்தாள். அவருடைய சொந்த மகள்.

விஷயம் இதுதான். ஆரோக்கியமான குழந்தைகளின் மலத்தை ஆராய வேண்டுமென்று ஓர் ஆய்வுக்கூடம் போன மாதம் இந்தக் குழந்தைகள் காப்பகத்துக்கு ஆறு டப்பாக்களை அனுப்பியிருந்தது. பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். பதினோரு மணிக்குள் ஆறும் நிரம்பி மேசைக்கு வந்தாக வேண்டும், சாக்குப்போக்குக் கூடாது என்று நிர்வாகியம்மா உத்தரவு போட்டார். ஆயா அப்படியே கொண்டுவந்து வைத்தார்.

இன்று காலை அறிக்கை வந்துவிட்டது.

“ஒண்ணாம் நம்பர், இருநூத்திப் பதினாலு வகை வைரஸ்,” என்று நிர்வாகியம்மா வாசித்தார். “ரெண்டாம் நம்பர், நூத்தித் தொண்ணூறு. இப்படியே அஞ்சு பிள்ளைங்க வயித்துலயும். ஆறாம் நம்பர்ல மட்டும் ஒண்ணுகூட இல்லை.” சொல்லிக்கொண்டே பட்டுவின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“அந்த இருநூத்திப் பதினாலு யாரோடது?” என்றார் வக்கீல்.

“உங்களோடதுதான் சார். ரெண்டாம் நம்பர் டாக்டரம்மாவோடது.”

வக்கீல் மெத்தைப் பக்கம் இருந்த தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். தன் வீட்டுக் கணக்கு நூற்றுத் தொண்ணூறோடு நின்றுவிட்டதில் பல் டாக்டரம்மா சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எல்லாம் ஆயாவோட கை பண்ணின வேலை,” என்றார் நிர்வாகியம்மா. “கழுவாத கை.”

“பதினோரு வருஷமா இதே கைதாம்மா,” என்றார் ஆயா. “ஒரு பிள்ளைக்கு வயித்துப்போக்கு உண்டா, வாந்தி உண்டா? எல்லாம் கொழுகொழுன்னு இருக்குதுங்க. இந்த வேலையை விட்டா எனக்கு வேற போக்கிடம் கிடையாதும்மா.”

எழுத்தர் எந்தக் கடிதத்தையும் மூன்று முறை, ஓரக் குறிப்பு உட்பட, படித்துவிட்டுத்தான் கோப்பில் வைப்பார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மேடம், ரெண்டாம் பக்கத்துல வேற மாதிரி போட்டிருக்கு. நல்லா இருக்கிற எந்தக் குழந்தை வயித்துலயும் இதெல்லாம் இருக்கிறதுதானாம். முக்கால்வாசி, குடல்ல இருக்கிற பாக்டீரியாவைப் பிடிக்கிற வைரஸாம். குழந்தையை ஒண்ணும் பண்ணாதாம். ஆறாம் நம்பர்தான் அவங்களுக்குப் புரியலையாம்.”

“எத்தனை வருஷமா கடிதம் பார்க்கிறீங்க? முதல் பக்கத்துல விஷயம் இருக்கும், ரெண்டாம் பக்கத்துல சமாதானம் இருக்கும். புரியலைன்னா என்ன அர்த்தம்? இப்படி ஒரு சுத்தமான குழந்தையை அவங்க ஜென்மத்துல பார்த்ததில்லைன்னு அர்த்தம்.”

“எப்படி மேடம் வளர்க்கிறீங்க?” என்று கேட்டார் பல் டாக்டரம்மா. நோட்டுப் புத்தகத்தை வேறு எடுத்துவிட்டார்.

“எல்லாத்துலயும் ஒரு ஒழுங்கு வேணும். மத்த பிள்ளைங்க மாதிரி நினைச்சப்போ போறது, நின்ன இடத்துல போறதுங்கிற பேச்சே கிடையாது. பட்டு மூணு நாளைக்கு ஒரு தடவைதான்.”

பல் டாக்டரம்மா அதை எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டார்.

“அம்மா, அந்த ஆறாவது டப்பா…” என்று ஆயா இழுத்தார்.

“அதைப் பத்தி நீங்க பேசவே வேண்டாம். இந்த இடத்தோட மானத்தைக் காப்பாத்தினது அது ஒண்ணுதான்.”

பிறகு ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் தயாரானது. நிர்வாகியம்மா சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். ஒன்று: ஐந்து குழந்தைகளின் நிலைக்குக் காரணமான ஆயா இன்றே பணியிலிருந்து நீக்கப்படுகிறார். இரண்டு: வைரஸே அண்டாத ஆறாம் குழந்தையையும், அதை வளர்த்த முறையையும் நேரில் காண விஞ்ஞானிகள் திங்கட்கிழமை வரலாம், பத்திரிகைக்காரர்களையும் அழைத்து வரலாம், தாயே விளக்கம் அளிப்பார்.

எழுத்தர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். ஆனாலும் தேதி, எண், பொருள் எல்லாம் முறைப்படி போட்டார். மூன்றாக மடித்து, உறையிலிட்டு, பசை தடவி, முத்திரை குத்தினார். வாசலில் காத்திருந்த கூரியர்காரர் வாங்கிக்கொண்டு போனார். தெருவில் அவருடைய வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

ஆயா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மெத்தையில் ஐந்து பேரும் ஒரே சுருதியில் அழ ஆரம்பித்தார்கள். வக்கீல் தன் பிள்ளையைத் தூக்கலாமா என்று யோசித்து, கைக்குட்டையைத் தேடினார்.

கடிதம் போய்விட்ட நிம்மதியில் நிர்வாகியம்மாவுக்கு மனசு கொஞ்சம் இளகியது.

“உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்லை ஆயா. ஆறாவது டப்பான்னு ஏதோ ஆரம்பிச்சீங்களே, சொல்லிட்டுப் போங்க.”

ஆயா பட்டுவின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

“அன்னைக்கு இது போகவே இல்லைம்மா, பதினோரு மணி ஆயிடுச்சேன்னு வாழைப்பழத்தைப் பிசைஞ்சு வச்சுட்டேன்.”