வெங்கட்டின் கவனம்

“இனிமே என்னால முடியாது. கழட்டிட்டேன், நீயே வச்சுக்கோ.”

சிராங்கூன் சாலை உணவகத்தில் வர்ஷா அதை மேசைமேல் வைத்தபோது, பக்கத்து மேசைக்காரர் தோசையை விட்டுவிட்டு இவர்களையே பார்த்தார்.

அவர் நினைத்த மாதிரி ஒன்றுமில்லை. அது ஒரு கைப்பட்டை. கட்டியிருப்பவரின் மனம் ஒன்றியிருக்கிறதா, அலைகிறதா என்று நாடித்துடிப்பை வைத்துக் கணித்து, எங்கிருந்தாலும் எதிரே உட்கார்ந்திருந்த சுதாவின் கணினிக்குத் தானே அனுப்பிவிடும். மாலைநேரப் பட்டப்படிப்பின் கடைசி ஆய்வுக்காக வகுப்பில் எல்லாருக்கும் அவள் கொடுத்திருந்தாள்.

“நான் எப்ப தூங்குறேன்னு உனக்குத் தெரிஞ்சிடுதுலா,” என்றாள் வர்ஷா.

வகுப்புத் தோழன் ஃபாரூக் பட்டைக்குச் சார்ஜ் போடவே இல்லை. ஆதவன் குளிக்கக் கழற்றியவன், அதோடு சரி.

“அப்புறம் எதுக்கு எல்லாரும் விருப்பம்னு சொன்னீங்க?”

“நீ மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டு கேட்ட. பாவமா இருந்துச்சு.”

சுதாவுக்கு எரிச்சலாக வந்தது. நாளைக் காலை ஆய்வைப் படைக்க வேண்டும். தேறாவிட்டால் இன்னொரு பருவம், இன்னொரு முறை இதே கெஞ்சல். தான்தான் சரியாக விளக்கவில்லையோ என்றும் ஒரு பக்கம் உறுத்தியது.

“வெங்கட் ஒருத்தன்தான் மனுஷன்,” என்றாள்.

“ஆமா, பெரிய ஞானி. கடைசி வரிசையில ஜாக்கெட்ட இழுத்துப் போத்திக்கிட்டு உட்காருவான்.”

ஆனால் கணக்கு வேறு சொன்னது. தினமும் வகுப்பு நடக்கும்போது, சரியாக இரவு எட்டு மணிக்கு, வெங்கட்டின் கவனக் கோடு விறுவிறுவென்று மேலே ஏறும். விரிவுரையாளருக்குக் காய்ச்சல் என்று வகுப்பு ரத்தான அன்றுகூட ஏறியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து படித்திருக்கிறான் என்று நெகிழ்ந்துபோய், அந்த வரைபடத்தையே ஆய்வின் முதல் பக்கத்தில் போட்டிருந்தாள் சுதா. அவளுடைய முடிவுகள் எல்லாம் அதன்மேல்தான் நின்றன.

பட்டைகளைக் காலையில் துறையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வெங்கட்டோ ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்கு முகாமுக்குப் போயிருந்தான், போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் ரயிலேறி மார்சிலிங்கில் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவனுடைய அம்மா உமாமகேஸ்வரி கதவைத் திறந்தார். உள்ளே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது.

“ஆன்ட்டி, நான் வெங்கட்டோட கிளாஸ்ல படிக்கிறேன். அவனாலதான் நாளைக்கு நான் பாஸ் பண்ணப் போறேன்.”

“எங்க வெங்கட்டாலயா? வீடு மாறி வந்துட்டியாம்மா?” அவர் சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். “விளம்பரம் ஓடுறப்பவே சொல்லிடும்மா. எட்டு மணி நாடகம், ஒருநாள்கூட விட்டதில்ல. அந்த மருமக என்ன பண்ணப் போறாளோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது.”

“அவன் கட்டியிருந்த பட்டைய வாங்கிட்டுப் போகணும் ஆன்ட்டி. வீட்ல வச்சிருப்பான். இதே மாதிரி இருக்கும்.” வர்ஷா திருப்பித் தந்ததைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

உமாமகேஸ்வரியின் முகம் பூரித்தது. வளையல்களை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டை நீட்டினார்.

“என் பையன் தீபாவளிக்கு எனக்கு வாங்கிக் குடுத்ததும் இதேதாம்மா!”