நகல் எடுத்தவர்

மனித நாகரிகத்தைக் காப்பாற்றியவை கோட்டைகளும் படைகளும் அல்ல, நகலெடுத்து வைக்கும் பழக்கமே. இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் பென் டிரைவைப் புதுக் கணினியில், குழந்தையைத் தொட்டிலில் இடும் பக்குவத்தோடு செருகுகிறார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு மனைவி உட்கார்கிறாள். பழைய கணினியில் இருந்ததையெல்லாம் இதில் நகலெடுத்த கையோடு, அதை அவர் நேற்றுத்தான் சுத்தமாக அழித்து, யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். "எல்லாம் பத்திரமா இருக்கா?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "என்னை யாருன்னு நினைச்சே?" என்பதே பதில். ஜன்னல் வெயிலில் திரையின் தூசி மினுங்குகிறது. மின்னஞ்சல் முகவரிகள், வீட்டுப் பத்திரம், இறந்துபோன அவள் தங்கை சிரித்துப் பேசும் வீடியோ, எல்லாம் வரிசையாக நிற்கின்றன; ஏறக்குறைய ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வளைந்த அம்புக்குறி. அவள் தங்கையின் பெயரைச் சொடுக்குகிறாள். டொக் என்கிறது கணினி, கோப்பு இல்லையாம். மறுபடியும் சொடுக்குகிறாள். மறுபடியும் டொக். பின்னால் தலை துவட்டிக்கொண்டிருக்கும் மகள் குனிந்து பார்க்கிறாள். "இதெல்லாம் வெறும் ஷார்ட்கட்ப்பா. வீட்டைத் தூக்கிட்டு வரச் சொன்னா விலாசத்தை எழுதிட்டு வந்திருக்கீங்க. வீட்டைத்தான் நேத்தே இடிச்சாச்சே!" "மெஷின்ல ஏதோ கோளாறு," என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "உங்களை நம்பினேனே," என்று மனைவி திரையைப் பார்த்துச் சொல்கிறாள். மகள் அவள் கையிலிருந்து மவுஸை மெல்ல வாங்கி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறாள். ஒன்றே ஒன்று திறக்கிறது. அலுவலக விழாவில் கோட்டு போட்டு, பரிசுக் கோப்பையோடு அவர் நிற்கும் படம். அதற்கு மட்டும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன.