அடையாளம் தெரியாத பெண்

“கன்னத்துல இன்னும் கொஞ்சம் சதை போடுங்க. சின்னப் பொண்ணு, இப்படியா ஒட்டிப்போய்க் கிடப்பா?” என்றாள் சிற்பியின் மனைவி.

சிற்பி உருகிய மெழுகைத் தூரிகையில் தொட்டு அப்பினார். அவர் முன்னால் இருந்தது ஒரு மண்டையோட்டின் வார்ப்பு. பழைய கல்குவாரித் தண்ணீரில் கிடைத்த எலும்புக்கூடு, யாரென்று தெரியவில்லை. முகத்தைச் செய்து தந்தால் பேப்பரில் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இதுவரை மரப்பலகையில்தான் அவர் மெழுகு ஓவியம் தீட்டியிருக்கிறார். முகத்தில் பூசிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தேன்மெழுகில் குங்கிலியமும் வண்ணப்பொடியும் கலந்து, சூடு காட்டி அடுக்கடுக்காகப் பூசினால் களிமண்ணில் வராத உயிர் இதில் வரும் என்று நம்பினார்.

“என்ன நிறம்னுதான் பிடிபடல. எலும்பு அதைச் சொல்லாதே.”

மனைவி அடுப்பிலிருந்த மெழுகில் பழுப்புப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினாள். “இதைப் பூசுங்க” என்று கிண்ணத்தை நீட்டிவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

கடைசி அடுக்கைப் பூசி, உதட்டைத் திருத்தியபோது சிற்பியின் கை அப்படியே நின்றது.

எதிரே இருந்தது அவருடைய மகள்.

“அவன்கூடப் போனா இந்த வாசப்படியை மிதிக்காதே” என்று கத்தியவர் அவர்தான். போனவள் ஒரு போன்கூடச் செய்யவில்லை. தானாகப் போனவள்தானே என்று போலீசிலும் அவர் சொல்லவில்லை. எங்கேயோ குழந்தை குட்டியோடு நன்றாக இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் மனைவி நடமாடிக்கொண்டிருந்தாள். தெரிந்தால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள்.

வண்ணம் துடைக்கும் துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். பிறகு கத்தியைச் சூடாக்கினார். மூக்கை அகலமாக்கினார், புருவத்தை இறக்கினார், மோவாயைச் சீவினார். பெற்ற மகள் அவர் கையாலேயே யாரோ ஆகிப்போனாள்.

கொல்லைப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. “முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. யாரோ ஊர் பேர் தெரியாத பொண்ணு.”

“ம்.”

மாலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“தத்ரூபமா இருக்கு சார்! இதைப் பார்த்துட்டு யாராவது கண்டிப்பா தேடி வருவாங்க.”

சிற்பி தரையைப் பார்த்துத் தலையாட்டினார். ஈரக் கையைத் துடைத்தபடி உள்ளே வந்த மனைவி, மெழுகு முகத்தை ஒருமுறை பார்த்தாள். கணவரின் வீங்கிய கண்களையும் பார்த்தாள்.

“வேற யாரும் வர மாட்டாங்க சார். எங்க பொண்ணை எங்ககிட்டயே குடுத்துடுங்க.”