பச்சை காட்டிய மதியம்
வெளியே டெட்ராய்ட் பனியில் நனைகிறது. அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள இன்றோடு கெடு முடிவதால், ரூஃபஸின் முடிதிருத்தகத்தில் கூடைப்பந்துப் பேச்சு முடிவெட்டும் மெஷின் சத்தத்தை அமுக்குகிறது. இங்கே யாரும் ஒரு மாற்றத்தைச் சொல்லலாம். கொடுக்கும் ஆட்டக்காரர்களின் சம்பளமும் வாங்கும் ஆட்டக்காரரின் சம்பளமும் ஒத்துப்போகாமல் கணக்குப் பார்க்கும் ஃபோன் செயலி சிவப்புக் காட்டினால், சொன்னவர் தரையில் கிடக்கும் முடியைக் கூட்ட வேண்டும். பச்சை காட்டினால் ரூஃபஸ் கூட்டுவார். அவர் இதுவரை குனிந்ததே இல்லை. வாடிக்கையாளர் ஓர்மண்ட்தான் வாராவாரம் கூட்டுகிறார். இப்போது பாதி முகம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்தபடி, "வாட்லிய வாங்குறோம்" என்கிறார். வாட்லி வேறொரு அணியின் நட்சத்திரம். "யாரக் குடுத்து? உன் மச்சானையா?" ரூஃபஸின் கத்தி அந்தரத்தில் நிற்கிறது. "ஆடாம பெஞ்சுல கெடக்குற ரெண்டு பேரு. கூட நம்ம ப்ரூட்." ப்ரூட் என்றால் ஓர்மண்டுக்கு உயிர். ஜன்னலோரம் காத்திருக்கும் லட்ரீஸ் பெயர்களைத் தட்டிப் பார்த்து, ஃபோனை எல்லோருக்கும் திருப்பிப் பிடிக்கிறாள். திரை முழுக்கப் பச்சை. கைதட்டலில் கண்ணாடிகள் அதிர்கின்றன. ஓர்மண்ட் போர்வையை உதறிவிட்டு எழுகிறார். உள்ளே ப்ரூட்டின் எண் போட்ட சட்டை. ஒரு கணம் அந்த எண்ணைத் தடவிக்கொள்கிறார். பிறகு ராஜா மாதிரி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தூக்கிக்கொள்கிறார். "அடியிலயும் கூட்டுடா ரூஃபஸ்."