பதறக் கூடாத வாரம்

புதுக் கம்பெனி ஜெசிந்தாவின் மணிக்கட்டில் ஒரு வாரச் சோதனைக்காக மனநிலை காட்டும் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டிருந்தது. மனசு அமைதியாக இருந்தால் அது பச்சையாக எரியும். பதறினால் சிவக்கும்; சிவந்தால் வேலை கிடையாது. போன இரண்டு கம்பெனிகளில் அப்படித்தான் கை நழுவிப் போனது. இன்று மாலையோடு சோதனை முடிகிறது. இன்றைக்குப் பார்த்துத்தானா பள்ளிக்கூடம் திறக்க வேண்டும்?

எல்.கே.ஜி. வாசலில் மகள் ஷைனி அவளுடைய துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். பட்டை மஞ்சளாகியது.

"அழாதடி தங்கம். இது சிவந்துச்சுன்னா அம்மாவுக்கு வேலை போயிடும்" என்று கெஞ்சினாள் ஜெசிந்தா.

"பச்சப் பிள்ளைகிட்ட சொல்ற பேச்சா இது?" என்று பள்ளி ஆயா முகம் சுளித்தாள்.

ஷைனி பட்டையையே பார்த்தாள். பிறகு அழுகையை விழுங்கிவிட்டு, துப்பட்டாவை விட்டாள். உதடு துடிக்கத் துடிக்க வகுப்பை நோக்கி நடந்தாள்.

பட்டை பச்சைக்குத் திரும்பியது.

"சமத்துதான். மத்ததுங்க எப்படிக் கத்துதுங்க பாரு" என்றாள் ஆயா.

கதவருகே ஷைனி திரும்பினாள். கண் நிறைய நீர். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"நான் அழலைம்மா. பச்சையா இருக்கா?"

"இருக்குடி கண்ணு" என்றாள் ஜெசிந்தா. முதுகுக்குப் பின்னால் அவள் மறைத்துக்கொண்ட கையில் பட்டை சிவந்து எரிந்தது.