நிஜ அழுகை

“பத்து வயசுப் பொம்பளைப் பிள்ளைக்கு இன்னிக்குன்னு பார்த்தா மொட்டை போடுவீங்க? கொஞ்சமாவது யோசனை வேண்டாமா?”

உடன்குடித் தேரிக்காட்டுச் செம்மணலில் நின்று உதவி இயக்குநர் ஜான்ஹவி கத்தினாள்.

எதிரே அல்போன்சா. அவள் கையைப் பிடித்தபடி மகள் ஜெஸ்லின். நேற்று வரை தோளில் புரண்ட முடி போய், சந்தனம் பூசிய மண்டை வெயிலில் மினுங்கியது.

“மாதாவுக்கு நேர்ச்சை. காலைப் பூசை முடிஞ்சு, முடி எடுத்துட்டு நேரே இங்கன வாரோம்.”

“படம் இன்னிக்கு முடியுது. உங்க மாதா ஒரு நாள் பொறுக்க மாட்டாங்களா?”

“ஒங்க பெருமாள் பொறுப்பாராக்கும்?”

ஸ்ரீவைகுண்டத்துக்காரி என்று தெரிந்துதான் குத்துகிறாள். ஜான்ஹவி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

துப்பாக்கி தூக்கிய பிள்ளைகள் காட்டில் அலைகிற படம். வசனம் கம்மி, புகை ஜாஸ்தி. எந்த நாடு, யாரோடு சண்டை என்று கதையிலேயே கிடையாது. வெளிநாட்டு விழாக்களுக்குப் போகப் போகிறதாம். பதினாறு நாளாகக் கடற்கரைப் பிள்ளைகள் ஐந்து பேர் மரத்துப்பாக்கியோடு புதருக்குள் ஊர்கிறார்கள். இன்று கடைசிக் காட்சி. இரும்பாக இருந்த சிப்பாய்ப் பிள்ளை ஜெஸ்லின் முதன்முதலாக உடைந்து அழ வேண்டும்.

முடி, உடுப்பு, காயம் எல்லாம் முந்தின நாள் மாதிரியே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஜான்ஹவியின் வேலை. இன்றைக்கு அந்த வேலைக்கே மொட்டை.

நல்லவேளை, வேன் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய விக் வைத்திருந்தாள். இயக்குநருக்குக்கூடத் தெரியாது. சரியான நேரத்தில் எடுத்து நீட்டினால் ஒரு சபாஷ் நிச்சயம்.

அதற்குள் இயக்குநர் வரத் வந்துவிட்டான். ஜெஸ்லினை ஏற இறங்கப் பார்த்தான்.

“விடு ஜான்ஹவி. அழுறது யாரா இருந்தா என்ன? அதோ அந்தப் பிள்ளையைக் கூப்பிடு.”

அம்மாக்களோடு நின்ற நான்கு பிள்ளைகளில் ஒருத்தி வந்தாள்.

“தொப்பியைக் கழட்டும்மா.”

கழற்றினாள். மொட்டை.

“அடுத்த ஆள்.”

மொட்டை.

மிச்ச இரண்டு பேரும் கூப்பிடாமலே தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்கள். லைட் பிடிக்கிறவர் குபுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்னம்மா, விளையாடுறீங்களா?” வரத்தின் குரல் உயர்ந்தது. “அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“படிச்சுப் பார்த்துத்தான் போட்டோம். காலையில ஏழு மணிக்குப் பிள்ளையளைக் கூட்டியாரணும். கூட்டியாந்துட்டோம். முடியைப் பத்தி ஒரு வரி இருந்தாக் காட்டுங்க” என்றாள் அல்போன்சா.

“அஞ்சு பேருக்கும் ஒரே நாள்ல அப்படி என்ன நேர்ச்சை?”

அல்போன்சா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “எல்லாரும் போயி வேன்ல உக்காருங்க. கதவைச் சாத்திக்கிடுங்க.”

கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“எங்க வீட்டு ஆம்பளையள் மூணு நாளாக் கடல்ல தங்கி மீன் பிடிக்காவ. அவுக பத்திரமாக் கரை சேரணும்னு நேர்ச்சை.”

“அதுக்கும் என் படத்துக்கும் என்ன?”

“நேத்து சாயங்காலம் வேன் நிழல்ல நின்னு போன்ல பேசுனீய. இங்கிலீஷ்ல. பக்கத்துல உக்காந்து மகளுக்குத் தலை பின்னிக்கிட்டிருந்தேன். இவளுக்கு என்ன புரியப் போவுதுன்னு நெனச்சுட்டீய. நானும் கான்வென்ட்ல சிஸ்டர்மாருகிட்ட அடி வாங்கிப் படிச்சவதான்.”

வரத் வேறு எங்கோ பார்த்தான்.

“ஏளா, ஒனக்காவது தெரியுமா?” என்று ஜான்ஹவியைக் கேட்டாள் அல்போன்சா. “கேமரா ஓடும்போது, ஒங்கப்பா வள்ளம் கவுந்துட்டுன்னு பிள்ளைகிட்ட சொல்லப் போறாராம். அப்பத்தான் நிஜமா அழுவாளாம். எடுத்து முடிச்சதும், சும்மா சொன்னேன்னு சாக்லேட் குடுத்துருவாராம். ஆம்பளையள் கடல்ல இருக்கும்போது அந்தப் பேச்சை எங்க ஊர்ல குடிகாரன்கூடப் பேச மாட்டான்.”

ஜான்ஹவிக்குத் தெரியாது. அழ வைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும்தான் வரத் சொல்லியிருந்தான்.

“அப்படின்னா... நடிக்க மாட்டான்னு சொல்லியிருக்கலாமே?” அவள் குரல் இறங்கியிருந்தது.

“எம்மவ மாட்டான்னா அடுத்தவ மவ. இப்பம் பார்த்தேல்லா, அடுத்த பிள்ளையைக் கூப்பிட ஒங்க டைரக்டருக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு?”

புகை மிஷின் மட்டும் தன்பாட்டுக்குப் புகை விட்டுக்கொண்டிருந்தது.

வரத் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான். “நாடகம் போதும். இந்த இடத்துக்கு இன்னியோட பர்மிஷன் முடியுது. நான் ஒண்ணும் சொல்லலை, பிள்ளை சும்மா நடிச்சா போதும்னே வெச்சுக்குங்க. ஜான்ஹவி, ஒரு விக் இருந்தாப் போதும். ஏதாவது வெச்சிருக்கியா?”

அவன் சொல்லமாட்டான் என்பதை அங்கே ஒருத்தரும் நம்பவில்லை.

ஜான்ஹவி வேனைப் பார்த்தாள். ஜன்னலில் ஐந்து மொட்டைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. அந்தச் சீட்டுக்கு அடியில்தான் பெட்டி.

“விக்கா? அதெல்லாம் கொண்டு வரலை சார்.”