நானூற்று மூன்று

வெரிபீ நகரில் ஒரு கராஜ். என்ஜின் சக்தியை அளக்கும் உருளைகளின் மேல் பட்டிகளால் இறுக்கிக் கட்டப்பட்டு, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது குகநேசனின் எட்டு சிலிண்டர் கார். தகரக் கூரை அதிர்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் தயாபரன் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். அவரும் குகநேசனும் ஒரே வீட்டில் ஒன்பது வருடம் இருந்தவர்கள். பழைய காரை வாங்கி என்ஜினை மாற்றியமைத்த குகநேசன், "ஐந்நூறு குதிரைச் சக்தி, மச்சான்" என்று சொல்லாத நாளில்லை. "சும்மா புளுகாதை" என்று ஓர் இரவு தயாபரன் எரிந்து விழுந்தார். மறுநாள் வேலையிடத்தில் குகநேசனின் இதயம் நின்றுவிட்டது. மூன்று மாதமாகக் கார் வாசலிலேயே நின்றது.

இரைச்சல் அடங்குகிறது. சூடேறிய ரப்பர் மணக்கிறது. கராஜை நடத்தும் கௌசிகா திரையைத் திருப்பிக் காட்டுகிறாள். சிவப்புக் கோடு ஏறிப்போய் நானூற்று மூன்றில் வளைந்து இறங்குகிறது. "அப்ப அவன் புளுகினவன்தான்" என்கிறார் தயாபரன். "இல்லை அங்கிள், இது சில்லு உருளுற இடத்தில அளந்தது. கியர்பொக்ஸ், அச்சு எல்லாத்தையும் சுத்துறதில ஐஞ்சில ஒரு பங்கு சக்தி போயிடும். என்ஜின்ல ஐந்நூறு கிட்ட வரும். அவர் சொன்னது சரி." "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொல்லி, அளவு அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்கிறார். காரிடம் போய், எப்போதும் போல இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டையும் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். கௌசிகா கார்த் திறப்போடு வந்து கண்ணாடியைத் தட்டுகிறாள். "அங்கிள், நீங்கள்தானே கார் ஓடவேணும்?"